இருபத்தேழு மனுவும் ஒரு போர்டிகோவும்

பூவந்தோப்பு,
12-12-2008, வெள்ளிக்கிழமை

அன்பு மைத்துனன் சிரஞ்சீவி இளவரசுக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

நானும் உன் அக்கா தங்கம்மாளும் நல்ல சுகம். எனக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, உன் அக்காவுக்கு என்மேல் இருந்த கோபம் முக்கால்வாசி குறைந்திருக்கிறது. வீட்டின் முன்பக்கம் மட்டும் அவ்வளவு சுகமாக இல்லை. கடலூரில் நீயும் உன் வீட்டாரும் இந்த மழையில் நனையாமல் இருந்தீர்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். செல்போனில் கேட்கலாம் என்றால், என் செல்போன் வெள்ளத்தில் விழுந்து இப்போது அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. அப்படி வைத்தால் காய்ந்துவிடும் என்று வைத்திலிங்கம் சொன்னான். பதினைந்து நாளாகக் காய்கிறது.

முதலில் அவசரமான சங்கதி. ஊராட்சி என் போர்டிகோவை இடிக்கக் கூடாது என்று தடை உத்தரவு கேட்க, செப்டம்பரில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பினேன் அல்லவா? உங்கள் வக்கீலும் மனுவைத் தயார் செய்துவிட்டார், திங்கட்கிழமை தாக்கல் செய்துவிடலாம் என்று நீயும் எழுதியிருந்தாய். தயவு செய்து தாக்கல் செய்ய வேண்டாம். வக்கீல் குமாஸ்தாவாகப் பதினைந்து வருஷம் இருக்கிற நீ, கட்சிக்காரன் கடைசி நேரத்தில் மனம் மாறினால் என்ன காரணம் என்று கேட்பாய். காரணத்தை எழுதுகிறேன். எழுதும்போதே எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

நான் தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் ரிக்கார்டு கிளார்க்காக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஒரு மனு உள்ளே வந்தால் அதற்கு எண் கொடுப்போம், பதிவேட்டில் ஏற்றுவோம், ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று தலையில் எழுதி இன்னொரு ஆபீசுக்கு அனுப்புவோம். அந்த ஆபீஸ் அதே வாசகத்தை எழுதி வேறொரு ஆபீசுக்கு அனுப்பும். மனு கொடுத்தவருக்கு ரசீது கிடைத்த திருப்தி, எங்களுக்கு மேஜை காலியான திருப்தி. என் சர்வீசில் ஒரு மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. நானும் படித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானே மனு எழுத ஆரம்பித்தேன். ஒன்பது வருஷத்தில் இருபத்தேழு மனு. சில பேர் சீட்டாடுவார்கள், சில பேர் கோழி வளர்ப்பார்கள், நான் மனு எழுதினேன். எல்லாம் ஒரே விஷயம்தான்: நம் மேலத்தெருவில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, ஆகவே தெருப் புறம்போக்கில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் பாரபட்சமின்றி அகற்றி, கிழக்கே வாய்க்கால் வரைக்கும் வடிகால் வெட்டித் தர வேண்டும். ஆக்கிரமிப்பு என்று எழுதும்போதெல்லாம் என் கண்முன் இருந்தது எதிர்வீட்டு வைத்திலிங்கத்தின் மாட்டுக் கொட்டகை ஒன்றுதான்.

இதற்கு நடுவில் 2003-ல் ரிடையர் ஆனேன். ஆன கையோடு போர்டிகோ கட்டினேன். நாலு தூண், முகப்பில் சிமெண்டில் ஒரு தாமரை, பளபளவென்று சலவைக்கல் படி. கிரகப்பிரவேசம் மாதிரி ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன், நீயும் வந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாய். அது தெருவுக்குள் கொஞ்சம் கால் நீட்டிக்கொண்டு நின்றது உண்மைதான். நம்ம வீட்டு முன்னால் இருக்கிற தெரு நம்ம தெருதானே என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லிப் பதினொரு மனு போட்டேன், மச்சான். ஒரு நாளும் எனக்குக் கை கூசவில்லை.

இந்தத் தடவை ஊராட்சித் தலைவர் பதவி காலனியைச் சேர்ந்த பெண்களுக்கு என்று ஒதுக்கீடு ஆகி, ராசம்மாள் ஜெயித்து வந்தது உனக்குத் தெரியும். இருபது வருஷம் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தவர். சிதம்பரத்தில் பாதிக் கட்டடம் அவர் தலைமேல் ஏறித்தான் மேலே போயிருக்கும். அவர் கையெழுத்துப் போடுவார், அவர் புருஷன் தேவசகாயம் நிர்வாகம் நடத்துவார் என்று நானும் வைத்திலிங்கமும் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தோம். தேவசகாயம் இரண்டு வருஷமாகச் சமையல் செய்துகொண்டு வீட்டோடு இருக்கிறார். கேட்டால், “அவுங்க ஆபீசு வேல ஜாஸ்திங்க, வந்தா சூடா சாப்புடணும்ல” என்கிறார்.

ஆகஸ்டு பதினைந்து கிராமசபைக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் அந்த அம்மாள் ஒரு பெரிய கட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைத் தெரியாமல் போகுமா? என் இருபத்தேழு மனுவும் எந்தெந்த ஆபீசோ சுற்றி, எல்லாரும் கைகழுவி, கடைசியில் நம் ஊராட்சி ஆபீசுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. எழுத்தர் சாமிக்கண்ணு அவற்றைக் கட்டி மேஜை விசிறிக்கு அடியில் உயரத்துக்கு வைத்திருந்தானாம். அந்த அம்மாள் விசிறியைத் தரையில் இறக்கிவிட்டு அதைப் பிரித்துப் படித்திருக்கிறார். சொன்னால் நம்பமாட்டாய், இரண்டு மாதம் படித்திருக்கிறார்.

“இதெல்லாம் நம்ம கொளஞ்சியப்பன் சாரு எழுதுனது. இருவத்தேழு மனு. நான் வெரல வச்சி வெரல வச்சி ஒண்ணு விடாம படிச்சேன். ஊரு எப்பிடி இருக்கணும்னு இதுல எல்லாம் இருக்குது. நான் புதுசா ஒண்ணும் யோசிக்கவே வேணாம்” என்றார். ஊரே கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு நிறைவு இருந்ததில்லை. அப்புறம் ஒரு மனுவைப் பிரித்து, ஓரிடத்தில் விரலை வைத்து, “சார், இந்தப் பாரபட்சமின்றிங்கிறத எல்லா மனுலயும் எழுதியிருக்கீங்க. கொஞ்சம் எல்லாருக்கும் வெளங்குறாப்புல சொல்லுங்க” என்றார். நான் எழுந்து நின்று, வேட்டியைச் சரி செய்துகொண்டு, வேண்டியவன் வேண்டாதவன், பெரியவன் சின்னவன் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவு என்று பத்து நிமிஷம் விளக்கினேன். மறுபடியும் கைதட்டல். “அப்பிடியே செஞ்சிடலாம் சார்” என்றார். சாமிக்கண்ணுவின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால், தீர்மானப் புத்தகத்தை வாங்கி நானே முத்து முத்தாகத் தீர்மானத்தை எழுதி, முதல் கையெழுத்தும் போட்டேன். அது என்ன தீர்மானம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மாதத்தில் சர்வேயர் வந்தார். நான் வேலையில் இருந்தபோது ஒரு சர்வேயரை வரவழைக்க ஆறு மாதம் ஆகும். இந்த அம்மாள் தினமும் பஸ் ஏறிப் போய் அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நாலாவது நாள் அவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, சங்கிலி பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். வைத்திலிங்கத்தின் மாட்டுக் கொட்டகைக்கு நடுவில் கோடு விழுந்தபோது நான்தான் எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். கோடு தெருவைத் தாண்டியது, நேராக என் வீட்டுப் பக்கம் வந்தது, சலவைக்கல் படியில் ஏறியது, இரண்டு தூணுக்கு உட்பக்கமாக நடந்தது, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. தெருவுக்குள் என் போர்டிகோ மூன்றடி இரண்டு அங்குலம். மோர்ச் சொம்பும் கையுமாக நான் அப்படியே நின்றேன். உள்ளேயிருந்து உன் அக்கா, “மனு எழுதுற கைய வச்சிகிட்டு சும்மா இருக்க முடியலியா ஒங்களுக்கு?” என்று கேட்டாள். அப்புறம் நாலு நாள் வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் வைத்திலிங்கம் தன் கொட்டகையைத் தானே பிரித்துவிட்டு வந்து என் போர்டிகோ முன்னால் நின்று, தாமரையை அண்ணாந்து பார்த்தான். “எம்மாம் அழகா எழுதியிருக்கீங்க மாமா” என்றான். மனுவைச் சொன்னானா வேறெதையாவது சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் உனக்கு வக்காலத்து அனுப்பினேன். அந்த அம்மாளிடமும் நேரே போய், கோர்ட்டுக்குப் போகப்போகிறேன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சண்டை போடுவார், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகப் போயிருந்தேன். “அது ஒங்க உரிமை சார். அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் தோண்டி வச்சிட்டு காத்துருக்கேன்” என்றார். அதே மாதிரி நூறு நாள் வேலைக்காரர்களை வைத்து மேற்கே இருந்து என் போர்டிகோ வரைக்கும் ஒரு வடிகால், போர்டிகோவுக்கு அந்தப் பக்கமிருந்து கிழக்கே ஒரு வடிகால். நடுவில் பதினோரு அடிக்கு என் போர்டிகோ. வேலை நடந்ததைத் தினமும் போய் வேடிக்கை பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. எஞ்சினியர் இல்லை, மெஷின் இல்லை. ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை இன்னொரு பெண் பிடிக்க, தண்ணீர் இரண்டு முனையிலும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, “இங்க ஒரு வெரக்கட ஆழம் போடு” என்று சொல்லிக்கொண்டே போனார். இருநூறு மீட்டருக்கு ஒரு நூல் பிசகவில்லை. எனக்கு இடிபடப்போகிறது என்ற பயம் ஒரு பக்கம், இந்த அழகைப் பார்க்கிற சந்தோஷம் ஒரு பக்கம்.

அப்புறம் மழை. நவம்பர் கடைசியில் நாலு நாள் விடாமல் அடித்ததே, அதில் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மேற்கு வடிகாலில் ஊர்த் தண்ணீர் முழுக்கத் திரண்டு வந்து என் போர்டிகோவில் முட்டியது. முன்பு தெருவெல்லாம் பரவி வருகிற தண்ணீர் இப்போது ஒரே வழியாக வருகிறது, ஆனால் வழி என் வீட்டு வாசலோடு முடிந்துபோகிறது. ஆகவே உள்ளே வந்துவிட்டது. கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நான் பத்திரமாக வைத்திருந்த மனு நகல்கள் எல்லாம் பெஞ்சுக்கு அடியிலிருந்து மிதந்து வெளியே வந்தன, செல்போனும் அப்போதுதான் போயிற்று. உன் அக்கா கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வையை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

வெளியே வந்தால் அந்த அம்மாள் தலையில் யூரியா சாக்கு ஒன்றைக் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்கிறார், தோளில் அந்தப் பிளாஸ்டிக் குழாய். எனக்கு வந்ததே கோபம். “நீங்க வெட்டுன வாய்க்காலால என் வூட்ல தண்ணி. என் போர்டிகோவாலதான் நிக்கிதுன்னு நிரூபிங்க பாக்கலாம்” என்றேன். அவர் குழாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். “நீங்களே புடிச்சிப் பாருங்க சார். என்மேல நம்பிக்க வேணாம், தண்ணிமேல நம்பிக்க இருக்குமில்ல?” என்றார்.

என் வாசலில் ஆரம்பித்தோம். குழாய் அறுபது அடிதான் நீளம், ஆகவே நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாக, அளந்து அளந்து, மாறி மாறி முன்னால் போனோம். போர்டிகோவுக்குக் கிழக்கே தரை இறங்குகிறது, அது எனக்கே தெரிந்தது. போர்டிகோ இல்லையென்றால் தண்ணீருக்கு அங்கே நிற்க வேலையே இல்லை. “அங்க போவ முடியாத தண்ணி எங்க போவுதுன்னு பாக்கலாம் வாங்க” என்று தெற்கே திரும்பினார். குழாயைப் பிடித்தபடி பின்னாலேயே போனேன். ஐந்து தடவை அளந்ததும் காலனிக்குள் நிற்கிறேன். அறுபத்து மூன்று வயதில் முன்னூறடி தூரத்தில் இருக்கிற இடத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போகிறேன், மச்சான். அங்கே இடுப்பளவு தண்ணீர். கடைசி முனையை அவர் பிடித்து நின்றது அவருடைய சொந்த வீட்டு வாசலில். உள்ளே தேவசகாயம் கட்டில்மேல் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க சார், டீ சாப்புடுறீங்களா?” என்று கேட்டார்.

“இங்க எத்தினி வருசமா இப்பிடி நிக்கிது?” என்றேன்.

“ஒரு அஞ்சி மழையா சார்” என்றார் அந்த அம்மாள்.

நான் போர்டிகோ கட்டி ஐந்து வருஷம். இருபத்தேழு மனுவிலும் என் தெருவில் கணுக்கால் அளவு தேங்குகிற தண்ணீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எல்லாம் இந்த வீட்டில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்திருக்கிறார், படித்துவிட்டு ஊர் முன்னால் என்னைப் பாராட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தத் தண்ணீரிலேயே நின்று, “இடிச்சிடுங்கம்மா” என்றேன்.

“எழுதிக் குடுத்துடுங்க சார்” என்றார்.

முப்பத்து நான்கு வருஷ சர்வீசில் இப்படி ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. எங்கள் பின்னாலேயே வந்திருந்த வைத்திலிங்கம் குடை பிடிக்க, சாமிக்கண்ணு முதுகைக் காட்ட, அவன் முதுகில் தாள் வைத்து, எனக்குப் பூரண சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொத்தனார் சிங்காரம் கடப்பாரையோடு வந்தார். முதலில் படி, பிறகு முன்பக்கத் தூண் இரண்டு, பிறகு தாமரை ஒரேயடியாக விழுந்தது. உன் அக்கா கட்டில்மேல் நின்றபடியே, “நல்லா ஆழமா நோண்டச் சொல்லுங்க” என்றாள்.

பதினோரு அடியும் வெட்டி முடிந்ததும் தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் போயிற்று பார், அதை எப்படிச் சொல்வேன்? கலங்கலாக, குப்பையும் செத்தையும் அள்ளிக்கொண்டு, நாங்கள் வெட்டின வழியில், எங்கேயும் தயங்காமல், கிழக்கே, கிழக்கே என்று போயிற்று. ஊர் ஜனம் முழுக்க இரண்டு கரையிலும் கொட்டுகிற மழையில் நின்று பார்த்தது. சுவாமி வீதியுலா வரும்போது நிற்பது மாதிரி நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் காலனியில் நின்றதும் அதே வழியில் இழுபட்டு வடிந்து, அங்கே சுவர்களில் ஈரக்கோடு மட்டும் மிச்சம், என் கூடத்தில் தரை தெரிந்தது. தண்ணீர் போவதைப் பார்த்து நான் அழுதேன் என்று வைத்திலிங்கம் ஊரெல்லாம் சொல்கிறான். உன்னிடமும் சொல்வான், நம்பு.

ஆகவே மச்சான், அந்தத் தடை மனுவைக் கிழித்துப் போட்டுவிடு. உங்கள் வக்கீலுக்கு என் வணக்கத்தைச் சொல். நாம் என்றைக்கும் ஊராட்சிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, நம் குடும்பத்தில் இனி யாரும் நிற்கவும் மாட்டார்கள். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. முன்பக்கத்தில் உட்கார இடமில்லை, கொல்லைப்புறத்தில் நாற்காலி போடுகிறேன். உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல ஆரோக்கியமும், தண்ணீர் ஏறாத வீடும் அமைய வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான் என்று பட்டணத்துக்காரர்கள் எழுதுவார்கள், நான் உன் மாமா,
கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது உன் அக்கா, “தண்ணி கடேசில எங்க போயி நிக்கிதுன்னு தம்பிக்கு எழுதிட்டீங்களா?” என்று கேட்டாள். எழுதவில்லை. தண்ணீர் வாய்க்கால் வரைக்கும் போகவில்லை, அதற்கு முன்னால் புது மனைப்பிரிவில் ஒரு மதில் சுவரில் முட்டி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் வந்து, “பழைய வாய்க்கா எங்க ஓடுச்சின்னு ஒங்களுக்குத்தான் சார் தெரியும், தெளிவா ஒரு மனு எழுதிக் குடுங்க” என்றார். அவர் கேட்ட சந்தோஷத்தில் ஆபீஸ் பழக்கப்படி யார் பெயரும் போடாமல், வாய்க்காலை மறித்துச் சுவர் எழுப்பிய சர்வே எண்ணை மட்டும் போட்டு நாலு பக்கம் எழுதிக் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். அந்த எண்ணை உன் பத்திரத்தில் பார்த்திருப்பதாக உன் அக்கா இப்போதுதான் சொல்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் நீ வாங்கின மனை அங்கேதானே இருக்கிறது? அடுத்த வாரம் கடலூர் விலாசத்துக்கு நோட்டீஸ் வரும். எனவே அந்தத் தடை மனுவைக் கிழிக்க வேண்டாம், என் பெயர் இருக்கும் இடத்தில் உன் பெயரைப் போடச் சொல். உங்கள் வக்கீலுக்கு விவரம் போதவில்லையென்றால் எனக்கு எழுது, என் மனுவுக்கு எதிரான மனுவை நானே நன்றாக எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்று, மச்சான்: நாம் என்ன எழுதினாலும் அந்த அம்மாள் ஒரு வரி விடாமல் படிப்பார்.